டிராக்டருக்கு வயிறா, வாலா?

காலையிலிருந்தே மிளகுக்குப் பசிக்கவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியை அவள் திறக்கவே இல்லை.

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆள் குட்டி, பேச்சு காரம் என்பதால் பூங்காவில் எல்லோருக்கும் அவள் மிளகுதான். அந்தப் பெரிய பூங்காவின் சின்ன டிராக்டரை ஓட்டுவது அவளுடைய அம்மா. அதில் மாட்டியிருந்த பழைய புல்வெட்டி போன வாரம் உயிரை விட்டுவிட்டது.

கடைக்காரர் இன்று இரண்டு புதிய புல்வெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒன்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் மாட்டுவது. இன்னொன்று, பின்னால் வால் மாதிரி மாட்டுவது.

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. நாலு மணிக்கு வருவேன். வேண்டாததை எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார் கடைக்காரர்.

முடிவு செய்ய வேண்டியவர் மேற்பார்வையாளர். யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும் பின்னால் நின்று 'பீப்' என்று விசில் ஊதுவார். அதனால் அவர் விசில் சார்.

"வால்தான் வசதி. அஞ்சு நிமிஷத்துல மாட்டலாம், அஞ்சு நிமிஷத்துல கழட்டலாம்" என்றார் அவர்.

மிளகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புல்வெட்டி பின்னால் இருந்தால் அம்மா திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். அம்மாவால்தான் திரும்பவே முடியாதே!

மூன்று வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அம்மாவின் கழுத்து இறுகிப்போயிருந்தது. கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப முடியாது, ஆளே முழுசாகத் திரும்பி நிற்பாள். அதனால் மிளகு எப்போதும் ஓடிப்போய் அம்மாவின் முன்னால் நின்றுதான் பேசுவாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா டிராக்டரை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க" என்று அம்மா சொல்லியிருந்தாள். மிளகும் சத்தியம் செய்திருந்தாள்.

வால் புல்வெட்டியுடன் அம்மா மரக்கன்றுகளுக்கு நடுவே கிளம்பினாள். டிராக்டரின் முன்பக்கம் அழகாக வளைந்தது. பின்பக்கமோ அகலமாக வீசித் திரும்பியது. டப்! ஒரு கன்றுக்கு ஊன்றியிருந்த குச்சி முறிந்தது. அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. விசில் சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினாள்.

"என்னம்மா, பின்னாடி பார்க்க வேண்டாமா?"

"பழகிட்டா சரியாயிடும் சார்" என்றாள் அம்மா.

இன்றைக்குக் குச்சியோடு போயிற்று. நாளைக்குப் பந்து பொறுக்க ஒரு குழந்தை பின்னால் வந்து நின்றால்?

அடுத்து வயிற்றுப் புல்வெட்டி. அம்மா கண்ணைத் தாழ்த்தினாலே வெட்டும் இடம் தெரிந்தது. ஒரு கன்றின் இலைகூட அசையவில்லை. மிளகு கைதட்டப் போனாள்.

"நல்லாத்தான் வெட்டுது" என்று விசில் சார் தாடையைத் தடவினார். "ஆனா டிராக்டர் நிறுத்துற கொட்டகைக்குப் போற வழியில மேடு இருக்கே. அடியில தொங்குறது அங்க இடிச்சு உடைஞ்சிடும். வாலே இருக்கட்டும்."

மணி மூன்று. சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மாவின் டிராக்டர் போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. மிளகுக்கு அழுகை முட்டியது.

அழுதால் மேடு கரையாது. கொட்டகைக்கு வேறு வழி இல்லையா என்ன? நாற்றுப் பண்ணைக்குப் பின்னால் ஒரு பாதை சுற்றிப் போகிறதே! ஆனால் அங்கேயும் இடித்தால்?

மிளகு டிராக்டரிடம் ஓடினாள். அம்மாவின் முன்னால் போய் நின்று, "புல்வெட்டியை மேல தூக்கும்மா" என்றாள். தூக்கியதும் அதற்கும் தரைக்கும் இருந்த இடைவெளியை அளந்தாள். இரண்டு செங்கல் உயரம். பிறகு, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமுள்ள பலகை ஒன்றைக் கொட்டகையிலிருந்து இழுத்துவந்தாள்.

முதலில் மேட்டுக்குப் போனாள். மேட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு செங்கல், அந்தப் பக்கம் இரண்டு செங்கல், மேலே பலகை. செங்கல்தான் சக்கரம், பலகைதான் புல்வெட்டியின் அடிப்பக்கம். பலகையின் நடுப்பகுதி மேட்டில் முட்டிக்கொண்டு ஊஞ்சல் ஆடியது. விசில் சார் சொன்னது சரிதான்.

அடுத்து சுற்றுப்பாதை. நாலடிக்கு ஒரு முறை செங்கலை நகர்த்தி, பலகையை நகர்த்தி, தரையில் படுத்து அடியில் கையை விட்டுப் பார்த்தாள். எங்கேயும் முட்டவில்லை. முழங்கை சிராய்த்தது, சட்டை எல்லாம் மண்.

பீப்!

"ஏய் மிளகு, என்ன இது? வீடு கட்டுறியா?"

"இல்ல சார். இந்த வழியில வயிறு இடிக்காது. நீங்களே பாருங்க!"

விசில் சார் முணுமுணுத்துக்கொண்டே முட்டி போட்டு, பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "டிராக்டரைக் கொண்டுவரச் சொல்லு!"

அம்மா சுற்றுப்பாதையில் மெதுவாக ஓட்டிவந்தாள். மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். எங்கேயாவது 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் எல்லாம் முடிந்தது. சக்கரம் சரளைக்கல்லில் நெறிபடும் சத்தம் மட்டும் கேட்டது. டிராக்டர் கொட்டகைக்குள் போய் நின்றது.

நான்கு மணிக்குக் கடைக்காரர் வால் புல்வெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

அம்மா டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விசில் சார் பின்னால் வந்து நின்றார். விசிலை வாய்வரை கொண்டுபோனவர் ஊதவில்லை. டிராக்டரைச் சுற்றி நடந்து, அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு லீவு போட்டு டாக்டரைப் பாருங்கம்மா. கழுத்து சரியானதும் வாங்க. டிராக்டர் எங்கயும் ஓடிப்போயிடாது, அது உங்களுக்குத்தான்."

அம்மாவின் கண்கள் மிளகிடம் பாய்ந்தன.

"நான் சொல்லலைம்மா! சத்தியமா!"

"அவ ஒரு வார்த்தை சொல்லலை" என்று சிரித்தார் விசில் சார். "ஆனா உங்ககிட்ட பேசணும்னா ஒவ்வொரு தடவையும் சுத்தி ஓடி முன்னாடி வந்துதான் நிக்கிறா. எனக்கும் கண்ணு இருக்குல்ல?"

அம்மா மிளகை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மிளகுக்கு அப்போதுதான் பசித்தது. டிராக்டரின் படியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.