தொட்டிக்குப் பின்னால் பதினான்கு புள்ளிகள்

ஆகஸ்ட் 6, புதன். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். ஆட்களை மட்டும் எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் எண்ண வேண்டியது அது மட்டும் இல்லை.

மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் பிரீத்திகா தன் நோட்டில் எழுதிய வரிகள் இவை. அவற்றுக்குக் கீழே அன்று நடந்ததையெல்லாம் மணிவாரியாக எழுதத் தொடங்கினாள்.

காலை ஒன்பதரை இருக்கும். விருதுநகரில் ஞானபூரணியின் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். ஞானபூரணி இன்ஷூரன்ஸ் சர்வேயர். தீ விபத்து நடந்த இடங்களுக்குப் போய், எது எங்கே பற்றி எப்படிப் பரவியது என்று கண்டுபிடித்து எழுதுவது அவர் தொழில். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து பிரீத்திகாவுக்கு எட்டு மாதம் ஆகிறது.

"ஏழு பேரைத் தூக்கிட்டாக மேடம்" என்றார் வந்தவர்.

"யாரை?"

"பொம்மைகளை. பொம்மையான்னு சிரிச்சீகன்னா இப்பமே எந்திரிச்சுப் போயிருவேன்."

"நான் சிரிக்கலை. உக்காருங்க" என்றார் ஞானபூரணி.

அவர் பெயர் சுந்தர்ராஜ். சாத்தூரில் ஓவிய ஆசிரியர். இருபது வருடமாகப் பொம்மைச் சிப்பாய்களைச் சேர்ப்பவர். அவற்றை வைத்து விரல் உயரப் போர்க்களங்கள் அமைப்பவர். மூன்று மாதத்துக்கு முன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் அவர் மனைவி ரோஜா இறந்துபோனார். அந்த அறையில் நான்கு பேர்தான் வேலை செய்யலாம் என்பது விதி. நான்கு பேர்தான் இருந்தார்கள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பதிவேட்டில் ரோஜாவின் பெயர் இல்லை.

"யாருக்கோ சோறு கொண்டுவந்து குடுக்க வந்தாளாம். பராக்குப் பாத்துக்கிட்டு நின்னாளாம். நாலு வருசம் அங்கன உக்காந்து திரி வச்சவ மேடம் அவ! செத்தவளை வேலைக்கே வரலைங்கிறான்." அவர் மேசையில் குத்தியதில் பிரீத்திகாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

அன்றைக்கு அறையில் பதினோரு பேர். உயிரோடு இருந்து அதைச் சொல்லக்கூடியவர் பாண்டிலட்சுமி ஒருவர்தான். அதிகாரி முன்னால் நின்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, வரைபடம் புரிவதில்லை. அதனால் சுந்தர்ராஜ் அந்த அறையையே அச்சு அசலாகச் செய்தார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று பாண்டிலட்சுமி சொல்லச் சொல்ல, பதினோரு சிப்பாய்களை வெட்டி, எம்சீல் பசை பூசி, சேலை கட்டி உட்கார வைத்தார். நாளை வியாழக்கிழமை நடக்கும் விபத்து விசாரணையில் அதை வைத்துக்கொண்டு பாண்டிலட்சுமி பேசுவதாக ஏற்பாடு. விசாரணை அதிகாரியும் சரி என்றிருந்தார். இன்று காலை பார்த்தால் நான்கு பொம்மைகள்தான் இருந்தன.

"கம்பெனிக்காரன் சொன்ன அதே நாலு" என்றார் சுந்தர்ராஜ்.

பதினொன்றரைக்குச் சாத்தூர் வீட்டில் இருந்தார்கள். முன்னறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். ஒன்றில் பாலைவனம், புழுதி பூசிய டாங்கிகள், மணல் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக் குறிபார்க்கும் சிப்பாய்கள். இன்னொன்றில் பனிமலை, கயிறு பிடித்து ஏறுகிறவனின் முதுகுப்பையில்கூட உறைபனி. நடுமேசையில், கூரையைக் கழற்றி வைத்தபடி, பட்டாசு அறை.

பிரீத்திகா முறையாகப் பார்த்தாள், முறையாக எழுதினாள். பூட்டு உடையவில்லை. உள்ளே நான்கு பொம்மைகள். மற்ற பொம்மைகளை ஊன்றியிருந்த ஏழு இடங்களில் ஊசித் துளை. வெளியே மணல் வாளி, தண்ணீர் வாளி. அறையின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. முன்னால் நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், தொட்டிக்குப் பின்னால், சோற்றுப் பருக்கை அளவில் நான்கு ஜோடிச் செருப்பு. பக்கத்தில் காய்ந்த பசை, பதினான்கு புள்ளி. பசை சிந்தியிருக்கிறது என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

முந்தின நாள் அந்த அறைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவர் வந்தபோதும் சுந்தர்ராஜ் காப்பி போட அடுப்படிக்குப் போயிருக்கிறார். சாத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நல்லசிவம், இவரைப் போலவே சிப்பாய் சேர்ப்பவர். பாண்டிலட்சுமி. பிறகு அய்யப்பன், கம்பெனிக்குத் தன் சொந்த வேனில் ஆள் ஏற்றிப்போனவன். விபத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, சுந்தர்ராஜுக்குத் துணையாக அலைந்துகொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு மூவரையும் வரச் சொன்னார் ஞானபூரணி.

நல்லசிவம் கத்திக்கொண்டேதான் நுழைந்தார். "ஆமாய்யா, கோவம்தான்! அம்பது வருசத்து ஈயச் சிப்பாய். மிஷின்கன் பிடிச்சு உக்காந்திருக்கான், அப்பிடி ஒரு பீசு இனிக் கெடைக்குமா? அதை அறுத்துச் சேலை கட்டி விட்டிருக்காரு. வயிறு எரியாதா? அதுக்காகத் திருடுவேனாக்கும்?"

"உம்ம வயித்தைப் பெறகு அணைப்போம். எம்பொண்டாட்டி எரிஞ்சே போயிட்டா" என்றார் சுந்தர்ராஜ்.

நல்லசிவம்தான் என்று பிரீத்திகாவுக்குத் தோன்றியது. ஆசை இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஞானபூரணியின் காதருகே குனிந்து சொன்னாள்.

"மிச்சமிருக்கிற நாலைப் பாத்தியா?" என்றார் அவர். "ரெண்டு ஈயம், ரெண்டு பிளாஸ்டிக். சார், போன ஏழுல ஈயம் எத்தனை?"

"ஒண்ணுமில்ல. ஏழும் பிளாஸ்டிக். இருந்த ரெண்டு ஈயமும் அந்தா உக்காந்திருக்கு."

பிரீத்திகாவுக்கு முகம் சுட்டது. நோட்டில் 'நல்லசிவம்' என்ற பெயரின் மேல் கோடு போட்டாள். சேகரிப்பவன் ஈயத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கைத் தூக்குவானா?

பாண்டிலட்சுமி சுவரோரம் நின்றார். இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டு. அய்யப்பன் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

"நீங்க எத்தனை நடை ஏத்திட்டுப் போவீக அய்யப்பன்?" என்று கேட்டார் ஞானபூரணி.

"சீசன்ல நாலு நடை மேடம். ஆனா நான் கேட்டோட சரி. எறக்கி விட்டுட்டு வண்டியிலயே படுத்துக்கிருவேன். எந்த ரூம்ல எம்புட்டுப் பேருன்னு எனக்கெங்க தெரியும்?"

"உள்ள போனதே இல்லையா?"

"கேட்டைத் தாண்டினதில்ல மேடம்."

ஞானபூரணி பிரீத்திகாவின் நோட்டை வாங்கிப் புரட்டினார். "சார், தொட்டிக்குப் பின்னால எத்தனை ஜோடிச் செருப்பு ஒட்டினீங்க?"

சுந்தர்ராஜ் குனிந்து பார்த்தார். நிமிரும்போது குரல் மாறியிருந்தது. "பதினொண்ணு. ஆளுக்கு ஒரு ஜோடி. காலைல வந்த ஆத்திரத்துல நான் ஆளைத்தான் எண்ணினேன்."

"நாங்களும்தான். இப்ப நாலு ஜோடி இருக்கு. பதினாலு பசைப் புள்ளி, ஏழு ஜோடி. ஒத்தையா ஒட்டியிருந்ததை ஒண்ணொண்ணா நகத்தால பேத்திருக்காங்க. பாண்டிலட்சுமி, செருப்பு வாசல்லதானே கெடக்கணும், ஏன் தொட்டிக்குப் பின்னால?"

பாண்டிலட்சுமி ஒரு நொடி சுந்தர்ராஜைப் பார்த்துவிட்டுப் பேசினார். "செருப்போட உள்ள போகக் கூடாதும்மா. வாசல்ல போட்டா சோதனைக்கு வர்ற ஆபீசர் செருப்பை எண்ணிருவாரு. அதனால பின்னால போடச் சொல்லுவாக. ஜீப் வருதுன்னு சத்தம் கேட்டா ஏழு பேரு எந்திரிக்கணும், செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுக் கருவேலங்காட்டுக்குள்ள ஓடணும். ஒரு ஜோடி மறந்து கெடந்தாலும் ஏச்சு விழும்."

"அப்போ பொம்மையை ஒளிக்கிறவன் செருப்பையும் ஒளிக்கணும்னு யாருக்குத் தோணும்?" ஞானபூரணியின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "வெளியாளுக்குத் தோணாது. அங்கன செருப்பு இருக்குங்கிறதே தெரியாது. நல்லசிவம் இல்ல. இந்தக் கையை வச்சுக்கிட்டுப் பாண்டிலட்சுமியால பருக்கை மாதிரிச் செருப்பைப் பேக்க முடியாது. பேக்க வேண்டிய காரணமும் இல்ல. இது ஆளை மறைச்சு மறைச்சுப் பழகின கை. ஏழு பேர்னா ஏழு ஜோடின்னு யோசிக்காமலே எடுக்கிற கை. கேட்டைத் தாண்டாத டிரைவருக்கு அது எப்பிடி அய்யப்பன் வந்துச்சு?"

அய்யப்பன் கதவைப் பார்த்தான். கதவை மறைத்துக்கொண்டு நல்லசிவம் நின்றார்.

"ஜீப்பு வருதுன்னு சத்தம் போட்டது யாரு?" என்று கேட்டார் ஞானபூரணி.

"இவந்தான்" என்றார் பாண்டிலட்சுமி. "எம்புட்டு நாளு அதைச் சொல்லாம வச்சிருந்தேன்! சாருக்கு ஒத்தாசையா இருக்கானேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கும் இவன்தான் சத்தம் போட்டான். ஓடினோம். ஜீப்பு வரல. 'லோடு போகணும், ஓடியாங்க, ஓடியாங்க'ன்னு விரட்டி உள்ள தள்ளினான். கால்ல மண்ணு, மருந்துல உரசினா பத்திக்கிரும். கழுவவிடல. அந்த மண்ணோட உள்ள போயி உக்காந்தோம். உக்காந்த ரெண்டாவது நிமிசம்..." அவர் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

சுந்தர்ராஜ் எழவில்லை. அதுதான் பிரீத்திகாவுக்குப் பயமாக இருந்தது.

"ஏலே அய்யப்பா. என் வீட்டுக் காப்பியை மூணு மாசமாக் குடிச்சியேலே."

"பதினோரு பேரை ஏத்திட்டு வந்தவன் நீதான்னு உள்ள தள்ளிருவோம்னு கம்பெனியில சொன்னாக சார். ரெண்டு பிள்ளைக இருக்கு."

"ஓடியாங்கன்னு சொன்னது கம்பெனியா, நீயா?"

அய்யப்பன் நல்லசிவத்தைத் தாண்டி வெளியே போனான். வேனின் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பெரிய தீப்பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தான். உள்ளே ஏழு பொம்மைகளும், தாளில் மடித்த செருப்புகளும். பச்சைச் சேலை கட்டியிருந்த ரோஜாவைச் சுந்தர்ராஜ் எடுத்துப் பின்வாசலை ஒட்டியிருந்த துளையில் ஊன்றினார்.

"நாளைக்கு வந்து சொல்லுவியா?"

"என்னைய விட்டுருங்க சார். பொம்மையைத்தான் குடுத்துட்டேன்ல."

"விடமாட்டேன். நீ வராட்டியும் நீ அங்கன இருப்ப. பன்னெண்டாவது பொம்மை செய்யிறேன். பின்வாசலுக்கு வெளியே நிக்க வைக்கிறேன். பாண்டிலட்சுமி விரலை நீட்டிப் பேரைச் சொல்லட்டும்."

அவர் அலமாரியைத் திறந்து தேடினார். படுத்தவன், குறிபார்ப்பவன், மலையேறுபவன். அவர் தேடியது இல்லை. நல்லசிவம் தன் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்தார். ஈயத்தில் வார்த்த ஆபீசர். வலது கையைத் தூக்கி, படையை முன்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒம்மகிட்ட மாத்திக்கத்தான் கொண்டாந்தேன்" என்றார். "எழுபது வருசத்துப் பீசு. தொப்பியை அறுத்து எடும். கை அப்பிடியே இருக்கட்டும்."

அய்யப்பன் அந்தத் தூக்கிய கையைப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. யாரும் தடுக்கவில்லை. ரம்பம் ஈயத்தில் இறங்கத் தொடங்கியது.

பிரீத்திகா எழுதியதை ஒருமுறை படித்தாள். 'பசை சிந்தியிருக்கிறது' என்ற வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் 'தவறு' என்று மட்டும் எழுதினாள். ஒரு வரி விட்டுக் கீழே எழுதினாள்:

நாளை, வியாழன். காலை ஏழேகாலுக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டிலட்சுமியையும் சுந்தர்ராஜ் சாரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பொம்மை அறை வைத்த பெட்டியை பஸ்ஸில் மேலே போடக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு விசாரணை. உள்ளே போகும் முன் எண்ண வேண்டியது: பன்னிரண்டு ஆள், பதினோரு ஜோடிச் செருப்பு.