மூன்று முறை உயர்ந்த கை

அதிர்வுமீட்பி வந்த பிறகு உலகில் ஊமைப்படம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஒலி பட்டால் இலையும் துணியும் நீர்ப்பரப்பும் கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கும். படத்தில் பதிந்த அந்த நடுக்கத்தைப் படித்து, அன்று யார் என்ன பேசினார்கள் என்று கருவி சொல்லிவிடும். பழைய படங்கள் அதன் முன் ஒருமுறை பேசினால்தான் நிலைப்பேழை என்னும் படக் காப்பகத்தில் இடம் உண்டு. பேழைக்குள் போனதை எவராலும் நீக்க முடியாது.

அம்பலவாணர் அன்று மதிப்பீட்டு அறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது அந்த இடத்துக்காகத்தான். அவருடைய தாத்தா தெய்வநாயகம் எடுத்த ஒன்பது நிமிடச் சிரிப்புப் படம், ‘சுண்ணாம்பு மாப்பிள்ளை’. தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போய் ஏழு முறை ஏணியிலிருந்து விழுகிறான். ஏழாவது முறை வாளி தலையில் கவிழ்கிறது. மாப்பிள்ளையாக நடித்த சடையாண்டி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி வலது கையை மூன்று முறை உயர்த்துகிறான்.

தோற்றவனின் கம்பீரம் என்று அந்தக் கையைப் புகழ்ந்து எழுதாத விமர்சகர் இல்லை. அம்பலவாணர் வீட்டு வாசற்கதவில் அந்தக் கை இரும்பில் வார்க்கப்பட்டிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாருக்கு அடுத்து அதுதான். அந்தக் குடும்பத்தார் ஒருவரையொருவர் கண்டால் கும்பிடுவதில்லை. மூன்று முறை கையை உயர்த்துவார்கள்.

முதலில் ஒலியில்லாமல் ஓட்டினார்கள். மதிப்பீட்டாளர் நறுமுகையும் அவளுடைய உதவியாளர்கள் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஏணி சரிவதற்கு முன் எல்லாம் ஒரு கணம் அசையாமல் நிற்கிறதே, அந்த ஒரு கணத்துக்காகவே இயக்குநரை மெச்சலாம் என்றாள் அவள். அம்பலவாணருக்கு மார்பு விரிந்தது.

“மத்தவங்க மாதிரி மைதா மாவைக் கரைச்சு ஊத்தி ஏமாத்தலைம்மா எங்க தாத்தா. அன்னைக்கு நீத்துன அசல் சுண்ணாம்பு. ஆவி பறக்குது பாருங்க.”

அடுத்து அதிர்வுமீட்பியை இயக்கினார்கள். வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்திலிருந்தும் தரையில் தேங்கிய சுண்ணாம்பு நீரிலிருந்தும் குரல்கள் எழுந்தன. வாளி கவிழ்ந்தது. முதல் முறை கை உயர்ந்தது.

“அண்ணே, தண்ணி... கண்ணு எரியுதுண்ணே.”

அதற்குப் பதிலாக ஒரு கனத்த குரல் வந்தது. அம்பலவாணருடைய அப்பாவுக்கும் அவருக்கும் வாய்த்த அதே தொண்டை.

“கையைத் தூக்குனது நல்லாருக்குடா. இன்னொரு தரம் தூக்கு.”

கை உயர்ந்தது. “தண்ணிண்ணே.” மீண்டும் உயர்ந்தது. மூன்றாம் முறை சொல் இல்லை, மூச்சு மட்டும்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. உதவியாளர்கள் காப்பி குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்கள். அம்பலவாணருக்குக் காது மடல் சுட்டது. சடையாண்டி அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. உச்சத்தில் விலகிய மகா கலைஞன் என்றுதான் அவர் மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டால் வாயை மறைத்துக்கொண்டு நறுமுகையிடம் குனிந்தார்.

“சத்தம் சரியாக் கெடைக்கலைன்னு எழுதிடும்மா. நாலு பேருக்கு முன்னால நிமிந்து நடந்த குடும்பம்.”

அவள் அவர் முன்னால் இருந்த தண்ணீர் தம்ளரைக் காட்டினாள். பிறகு சுவரிலிருந்த கண்காணிப்புக் கண்ணைக் காட்டினாள்.

“இந்தத் தண்ணி நடுங்குறதை வச்சு இந்த அறையையும் கருவி படிச்சுக்கிட்டே இருக்குங்கய்யா. விதி அப்படி.”

ஒலியேடு அச்சாகி வந்தது. முதல் குரல்: தண்ணீர் கேட்கிறது. இரண்டாம் குரல்: இன்னொரு முறை தூக்கச் சொல்கிறது. மூன்றாம் குரல்: சத்தம் கிடைக்கவில்லை என்று எழுதச் சொல்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வம்சக் குரல் என்று கருவியே அடிக்குறிப்பு போட்டிருந்தது. படத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. இயக்கம்: மிகச் சிறப்பு. ஏடு படத்தோடு என்றைக்கும் இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டார். தம்ளரை அவரால் தொட முடியவில்லை.

வீட்டு வாசலில் மருமகள் பூங்கோதை காத்திருந்தாள். மாமனாரைக் கண்டதும் அந்த இரும்புக் கைக்குக் கீழே நின்று முகம் மலர, வலது கையை மூன்று முறை உயர்த்தினாள்.

அம்பலவாணர் கையைத் தூக்கவில்லை. நிமிர்ந்தே பழகிய தலை குனிந்தது.

“தண்ணி வேணுமாம்மா?” என்று கேட்டார்.