ஆணியில் தொங்கிய அட்டை

கணினி அறைக்குள் எண்ணெய் வாசனை வரக்கூடாது; வந்தது. உயர்த்திப் போட்ட பலகைத் தரைக்கடியிலிருந்து குளிர்காற்று சீற, பழைய கணினிகளோடு புதிதாகச் சேர்த்த நாற்பதின் விசிறிகளும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அந்த ஜன்னலில்லாத அறையில், சுடச்சுடப் பொரித்த ஷெல்பெக் ரொட்டியின் வாசனை அறைப் பொறுப்பாளன் கெனெஸை நிற்கவைத்தது.

இந்த அறையில் கேபிள் போட்டுவந்த சபிட் இறந்து இன்று நாற்பதாம் நாள். காலையில்தான் அவர் மனைவி ராய்கான் ஏழு ரொட்டி பொரித்து, அல்மாட்டியின் பனிச்சேற்றில் இரண்டு பஸ் மாறி வந்து, பல்கலைக்கழக வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். எண்ணெய் வாசனை இறந்தவர்களுக்குப் போய்ச் சேருமாம். ரொட்டியை அவன் வாசல் மேசையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.

"தம்பி, செருப்பக்கூட ஒழுங்கா வைக்காம படுக்க மாட்டார். அட்டைய மாட்டாமயா உள்ள போயிருப்பார்?" என்று போகும்முன் கேட்டாள்.

"மறந்திருப்பார் அண்ணி" என்றான் கெனெஸ்.

பாவி, அவனுக்கா தெரியாது? உள்ளே போகிறவர் வெளி ஆணியில் தன் பெயர் அட்டையை மாட்டவேண்டும். அது தொங்கும்வரை, தீயை அணைக்கும் வாயு தானாகப் பாயாதபடி, வெளிச்சுவரில் உள்ள அதன் சாவி ‘கை’ பக்கமே இருக்கவேண்டும். பனியாறு ஆராய்ச்சிக்காரர்கள் புதுக் கணினிகளை உடனே ஓட்டச்சொல்லி நச்சரித்ததில், அன்று அவன் ஆணியைப் பார்க்காமலே சாவியை ‘தானியங்கி’க்குத் திருப்பிவிட்டான். உள்ளே சபிட் தரைக்கடியில் படுத்துத் துளைபோட்டுக்கொண்டிருந்தார். கிளம்பிய தூசியைப் புகையென்று எண்ணி வாயு பாய்ந்தது; மூச்சடைத்துப் போய்விட்டார். ஆட்கள் ஓடிவருவதற்குள் கெனெஸ் அவருடைய அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செத்தவர் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்! விசாரணையில் அவருடைய கவனக்குறைவு என்றே எழுதினார்கள்.

அட்டை இன்னும் பையில்தான் இருந்தது. எறிய மனமில்லை, சொல்ல வாயில்லை.

வாசனை கூடியது. விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த நிசப்தத்தில், தரைக்கடியில், துளைபோடும் சத்தம் கேட்டது. இன்று அங்கே யாருக்கும் வேலையில்லை.

சத்தம் நகர்ந்தது. அருகே வந்தது. அவன் காலடியில் நின்றது.

"அண்ணே... அண்ணிகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்."

கதவுக்கு ஓடினான். திறக்கவில்லை.

கதவுக் கண்ணாடி வழியே ஆணி தெரிந்தது. வரும்போது தன் அட்டையைத்தான் மாட்டினான். தன் கையால். இப்போது அங்கே தொங்கியது சபிட்டின் அட்டை.

சட்டைப்பையில் கைவிட்டான். ஒரே ஒரு அட்டை. அதில் அவன் பெயர்.

வெளியே, ஆளில்லாத நடைவழியில், சாவி மெதுவாகத் ‘தானியங்கி’க்குத் திரும்பியது.