ஏழாம் நம்பர் ரசீதுப் புத்தகம்

வந்ததும் வராததுமாக டீச்சர் ஏழு ரசீதுப் புத்தகங்களை ஆடிட்டரின் மேசைமேல் பொத்தென்று வைத்தார். நகரசபைத் தேர்தலில் நிற்கும் அவர், நன்கொடை கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் தன் தேர்தல் அலுவலக வாசல் பலகையில் ஒட்டுவதாக ஊரறிய வாக்குக் கொடுத்திருந்தார்.

"நேத்து சலவைக்கடைக்காரர் பலகையைப் பார்த்துட்டு, 'நான் எப்பம்மா குடுத்தேன்?'னு கேட்டார். விசாரிச்சா, ஏழாவது புத்தகத்துல இருக்கிற நாப்பது பேருமே குடுக்கலையாம். ஆனா பணம் பெட்டியில சரியா இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பட்டியல் உண்மைன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"புத்தகத்தோட வீடு வீடாப் போனது யாரு?"

"பால்காரம்மா. எல்லாரும் அவங்களைத்தான் ஏசுறாங்க. புத்தகமும் பணமும் வைக்கிற பெட்டிச் சாவி செயலாளர்கிட்டயும் என் வீட்டுக்காரர்கிட்டயும் இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆடிட்டரின் மைத்துனர் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். துப்புத் துலக்குவதென்றால் சாப்பாட்டையும் மறப்பார். "ஏழும் ஒரே கையெழுத்து அத்தான்! பால்காரம்மாவேதான்!" என்று துள்ளினார்.

"அவசரப்படாதே மாப்ளே. எழுத்தை விடு, அடிக்கட்டையைப் பாரு."

கண்டக்டர் பார்த்தார். ஆறு புத்தகங்களில் ரசீது கிழித்த இடம் எலி கடித்ததுபோல் கோணல்மாணலாக இருந்தது. ஏழாவதில் நாற்பதும் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. நின்றுகொண்டு, ஒரு கையில் கட்டைப் பிடித்து மறு கையால் கிழித்தால் ஒருநாளும் இப்படி வராது என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அரை மணி நேரத்தில் எல்லோரும் தேர்தல் அலுவலகத்தில் கூடினார்கள். ஆடிட்டர் புதுப் புத்தகம் ஒன்றை நீட்டினார். "ஆளுக்கொரு ரசீது எழுதி எனக்குக் கிழிச்சுக் குடுங்க."

பால்காரம்மா அழுத கண்ணோடு எழுதி, நின்றபடியே வெடுக்கென்று இழுத்தார். செயலாளர் இழுத்ததில் பாதி எழுத்தே போய்விட்டது. டீச்சரின் கணவர் வீட்டு வரைபடம் போடுகிறவர். புத்தகத்தை மேசையில் பரப்பி, சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து ஓரத்தில் அழுத்தி, சர்ரென்று கிழித்தார். பிறகுதான் அறையில் யாரும் மூச்சுவிடவில்லை என்பதைக் கவனித்தார்.

"பணம் ஒண்ணும் குறையல. அதனால திருட்டு இல்ல," என்றார் ஆடிட்டர் நிதானமாக. "மறைச்சது பணத்தை இல்ல, குடுத்த ஆளை. பெரிய தொகையை நாப்பதாப் பிரிச்சு, வாக்காளர் பட்டியல்ல இருந்து பேரெடுத்து, பால்காரம்மா எழுத்து மாதிரியே எழுதியிருக்கு. அச்சு அசலா எழுத வரைபடக்காரருக்குச் சொல்லித் தரணுமா? கிழிக்கிற பழக்கத்தைத்தான் மாத்த முடியல."

கணவர் தலைகுனிந்தார். "ரோடு காண்ட்ராக்டர் குடுத்தார். பேர் வெளிய வரக் கூடாதுன்னார். நோட்டீஸ் அடிக்கக்கூட காசில்லாம நீ தவிச்சியே, பார்க்கப் பொறுக்கல."

டீச்சருக்குக் கோபத்தைவிட வருத்தமே பெரிதாக இருந்தது. நாற்பது பெயர்களையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் கணவர் முன் தள்ளினார்.

"பணம் இப்பவே திரும்பிப் போகணும். யார் குடுத்தா, எவ்வளவு, யார் மறைச்சாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. பலகையில ஒட்டணும்."

"ஓட்டெல்லாம் போயிடுமே!"

"போனாப் போகட்டும். இதைப் படிச்சுட்டும் போடுறவங்க ஓட்டு போதும் எனக்கு. அதுக்கு முன்னாடி பால்காரம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கேட்டார். பால்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரிங்க. எழுதுங்க. ஆனா இந்தத் தடவை உங்க கையெழுத்துல."