எஸ்.வி. இன்னும் உள்ளே இருக்கிறார்

‘தண்ணீர்’ என்ற சொல்லின் தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

காரினாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விளக்கச் சீட்டுகளை ஃபின்னிஷ் மொழிக்குக் கொண்டுவரும் அந்த அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். ஒப்புதலான மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துவைக்கும் சொல்வங்கியில் அட்டை உள்ள சொல் கோப்பில் வந்தால், வேர்டு மென்பொருள் அதன்மேல் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் அட்டையை விரித்துக் காட்டும். மேலே ஒப்புதலான சொல், நடுவில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், அடியில் எழுதியவரின் முதலெழுத்துகள். நோய்ப் பெயருக்கு அட்டை போடுவார்கள், மருந்துப் பெயருக்குப் போடுவார்கள். தண்ணீருக்கு எந்தப் புத்திசாலி போட்டது?

எடுத்துக்காட்டைப் படித்தாள். ‘தண்ணீர் காதுக்குள் புகுந்த பிறகு கொஞ்ச நேரம் மணிச் சத்தம் கேட்கும்.’ அடியில் எஸ்.வி. என்றிருந்தது. இன்றைய தேதி.

எஸ்.வி. என்றால் சிர்க்கா வைனியோ. போன மார்ச்சில் செத்துப்போனவள்.

ஃபின்லாந்தின் குவோப்பியோவில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் பண்டிகைக்கு முன்பே அலுவலகங்களில் வைக்கும் ‘சின்னக் கிறிஸ்துமஸ்’ விருந்துக்குக் கிளம்பிப்போய், இந்நேரம் சூடான மசாலா ஒயினும் பாட்டுமாக இருப்பார்கள். காரினா மட்டும் தங்கியிருந்தாள், காரணத்தோடுதான். ஐந்து மணிக்குப் பழைய சொல்வங்கியை மூடி அழித்துவிடுவார்கள். அட்டைகள் புதியதற்குப் போகும். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு போகாது. அந்த வரலாறு ஒழிவதைக் கண்ணால் பார்க்காமல் அவளால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஏனென்றால் மூட்டுவலி மாத்திரை அட்டையில் ‘வாரம் ஒருமுறை’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘தினம் ஒருமுறை’ என்று எழுதியவள் அவள். அவசரம். அது அப்படியே சீட்டில் அச்சேற, ஒரு பெரியவர் ஒன்பது நாள் தினமும் விழுங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். விசாரணைக்கு முந்தின நாள், அட்டையின் அடியில் இருந்த தன் கே.எல்.-ஐ அழித்துவிட்டு எஸ்.வி. என்று போட்டாள் காரினா. அந்த அலுவலகத்தில் அடியெழுத்துதான் கையெழுத்து. “இதை நான் எழுதலை!” என்று சிர்க்கா தொண்டை கிழியக் கத்தியதை ஒருவரும் நம்பவில்லை, அட்டையின் வரலாற்றைத் திறந்து பார்க்கவுமில்லை. வேலை போனது. மார்ச் கடைசியில், மீன் பிடிப்பவர்களே கால் வைக்க அஞ்சுகிற ஏரிப் பனிக்கட்டிமேல் அவள் தனியாக நடந்துபோனாள்.

காரினா ‘தண்ணீர்’ அட்டையை அழித்தாள். அடுத்த வரியில் ‘கை’ என்ற சொல்லுக்கு மேல் கோடு விழுந்தது.

‘கை உறைந்த பிறகு வலிக்காது, ஆனால் பிடித்ததை விடாது.’ எஸ்.வி.

எங்கிருந்தோ விசைப்பலகை தட்டும் ஓசை வந்தது. நிதானமாக, விட்டுவிட்டு, யோசித்து யோசித்துத் தட்டுவதுபோல. எழுந்து பக்கத்து அறைகளை எட்டிப் பார்த்தாள். காலி நாற்காலிகள், அணைத்த திரைகள், யாரோ மறந்துவிட்டுப் போன கழுத்துத்துணி. திரும்பி வந்தபோது மேசையைச் சுற்றி ஏரிச் சேற்றின் வாடை அடித்தது, சூடேற்றி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தும் கணுக்கால் வரை குளிர் ஏறியது.

தொலைபேசி அடித்தது. கணினிப் பிரிவு தைஸ்தோ, கோடையில் வேலைக்குச் சேர்ந்தவன்.

“என்ன காரினா, இன்னுமா அங்க உக்காந்திருக்கீங்க? இங்க பன்றித் தொடையெல்லாம் காலியாகப் போகுது!”

“முடிச்சுட்டேன். நீ அஞ்சு மணிக்கு மூடிடுவதானே?”

“எங்கேர்ந்து மூடுறது? என் ஃபோன்ல பாத்தா சொல்வங்கிக்குள்ள ரெண்டு பேர் இருக்கீங்களே. ரெண்டு பேரும் வெளிய வந்தாத்தான் பூட்ட முடியும்.”

“ரெண்டு பேரா?”

“கே.எல். நீங்க. எஸ்.வி.ன்னு ஒருத்தர். யாருங்க அது? நான் பாத்ததே இல்லையே. உங்க பக்கத்துலதான் இருக்கணும், உங்க கணினிலேர்ந்துதான் காட்டுது.”

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

திரையில் அந்தப் பழைய அட்டை தானாக விரிந்திருந்தது. மூட்டுவலி மாத்திரை. திருத்துவதற்கு முன் இருந்தபடியே, தினம் ஒருமுறை. அடியெழுத்துக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதற்குள் ஒரு கோடு கண்சிமிட்டியது. கே.எல். என்று அவள் திருப்பிப் போட்டால் போதும், அதற்காகத்தான் காத்திருக்கிறது என்று புரிந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

விரல் விசைவரை போனது. பிறகு வேலை, வீடு, செய்தித்தாள், சிறை எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாகப் பொங்கியது.

“செத்துத் தொலைஞ்சவ நீ. உன் பேருக்கு இனிமே என்னடி கெட்டுப்போயிடும்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எஸ்.வி. என்று அழுத்தி அடித்தாள்.

தட்டும் ஓசை நின்றது.

மறுபடி தொடங்கியபோது வேகமாக இருந்தது. புதிய அட்டை விரிந்தது. சொல்: காரினா லெஹ்தோ. நிலை: இனி பயன்படுத்தக் கூடாது. எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத்தெழுத்தாக வந்தது.

‘காரினா லெஹ்தோ கீழே பார்க்கிறாள்.’

அப்போதுதான் உறைத்தது. ஓசை பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. காலடியிலிருந்து.

பார்த்தாள்.

தரை இல்லை. சாம்பல் நிறப் பனிக்கட்டி, சுவருக்குச் சுவர். அதன் அடியில் கறுத்த நீர். நீரில் மல்லாந்து மிதக்கும் கூந்தல். திறந்த கண்கள். வெளுத்த பத்து விரல்கள் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் ஓர் எழுத்து.

‘பனிக்கட்டி மெல்லியது.’

நாற்காலியின் நான்கு கால்களுக்கும் நடுவே ஒரு விரிசல் ஓடியது. அட்டையின் அடிக் கட்டத்தில் கடைசியாக இரண்டு எழுத்துகள் விழுந்தன. கே.எல்.

கீழே விரல்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு, விரிந்து, அவள் கணுக்காலுக்கு நேராக வந்து நின்றன.