முள்ளங்கித் தெருவின் வரலாறு

பால்டிமோர் நகரத்துக்கு வெளியே நரிப்பள்ளம் என்று ஒரு குடியிருப்பு. அங்கே நரியும் கிடையாது, பள்ளமும் கிடையாது. இருந்த நரிகளை விரட்டி, இருந்த பள்ளத்தை மேடாக்கித்தான் வீடுகளைக் கட்டினார்கள். பிறகு மனசு கேட்காமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தெருக்களுக்கும் அப்படித்தான். ஆப்பிள் மரங்களை வெட்டிய இடம் ஆப்பிள் தெரு. காடைகள் பறந்துபோன இடம் காடைத் தெரு. கடைசித் தெருவுக்கு வருவதற்குள் நல்ல பெயர்களெல்லாம் தீர்ந்துவிட்டன. அதனால் அது முள்ளங்கித் தெரு ஆயிற்று.

பத்து வயது மார்லா கெஸ்லர் அந்த முள்ளங்கித் தெருவில்தான் குடியிருந்தாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பலகை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓக் தெரு. அங்கே அவளுடைய வகுப்புத் தோழி கோரின் ஹேட்லியின் வீடு. வேலி இல்லாவிட்டால் ஒரே ஓட்டம். ஆனால் வேலியில் கதவு வைக்கக் குடியிருப்புச் சங்கம் விடாது. ஆகவே கோரின் வீட்டுக்குப் போக வேண்டுமானால் காரில் ஏறி, பெரிய சாலைக்கு வந்து, இரண்டு சிக்னலில் நின்று, ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போகவேண்டும். போய்ச் சேர்வதற்குள் பிறந்தநாள் கேக்கில் பாதி காலியாகியிருக்கும்.

வேலிப் பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. மார்லா அதில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். பார்த்தால் வயிறு எரியும். எரியும் என்று தெரிந்தேதான் தினமும் பார்ப்பாள்.

கோரின் வீட்டில் பழைய பண்ணையின் ஓக் மரம் நின்றது. பண்ணையின் கிணறு இருந்தது. மாட்டுக்கொட்டகையின் கல் சுவர்கூடப் பாதி இருந்தது. மார்லா வீட்டில் புல் இருந்தது.

போன திங்கட்கிழமைதான் பாப்பாஸ் டீச்சர் வகுப்பில் சொன்னார்: "வெள்ளிக்கிழமை எல்லாரும் அவங்கவங்க தெருவோட வரலாறும் புவியியலும் தயார் பண்ணிட்டு வரணும். ரொம்ப நல்லா இருக்கறத நம்ம மாவட்ட நூலகத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்க."

அந்தக் கண்ணாடிப் பெட்டி மார்லாவின் கனவிலேயே வந்துவிட்டது. உள்ளே அவள் பெயர். வெளியே மூக்கை ஒட்டிக்கொண்டு கோரின்.

"அப்பா, நம்ம தெருவுல என்னப்பா நடந்திருக்கு?"

அப்பா வெகுநேரம் யோசித்தார். "ஒரு தடவை குப்பை வண்டி நம்ம தபால் பெட்டியை இடிச்சுது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி தபால் பெட்டி நல்லா இருந்துச்சு."

மார்லா மண்வெட்டியை எடுத்துப் புல்தரையைத் தோண்டினாள். பூமிக்குள் வரலாறு இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் முள்கரண்டி கிடைத்தது.

வியாழக்கிழமை மாலை அவள் ஓட்டையில் கண்ணை வைத்தபோது, கோரின் அட்டையில் பழைய பண்ணையையே கட்டி முடித்திருந்தாள். கிணற்றில் வாளி ஏறி இறங்கியது. மாட்டுக்கு வால் ஆடியது.

"மார்லா, நீ பாக்கறது தெரியுது. ஓட்டைக்குள்ள ஒரு கண்ணு முழிக்குது."

"நான் ஒண்ணும் பாக்கல. ஓட்டையைத் தொடைச்சிட்டிருக்கேன்."

"கண்ணாலயா?"

மார்லா கண்ணை எடுத்துவிட்டு ஓட்டையில் காதை வைத்தாள்.

"எங்க தெருவுல எவ்வளவோ இருக்குடி. எதை விடறதுன்னே தெரியல. உன்னோடது என்ன?"

"ரகசியம்" என்றாள் மார்லா. ரகசியம் ஒரே வரியில் இருந்தது: 'இங்கே வயல் இருந்தது. இப்போது வீடுகள் இருக்கின்றன.'

வெள்ளிக்கிழமை காலையில் ஓக் தெருவுக்குத் தார் போட்டார்கள்.

சொல்லாமல் போடவில்லை. 'முதல் நாள் இரவே கார்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்துங்கள்' என்று சங்கத்தார் ஒவ்வொரு வீட்டு முன்கதவிலும் தாள் ஒட்டியிருந்தார்கள். ஆனால் நரிப்பள்ளத்தில் முன்கதவை யார் திறக்கிறார்கள்? எல்லோரும் கார் கொட்டகை வழியாகவே போவார்கள், வருவார்கள். முன்கதவு பீட்சா கொண்டுவருபவருக்கு மட்டும்தான். அந்த வாரம் பார்த்து யாரும் பீட்சா வாங்கவில்லை.

தெருவை விட்டு வெளியேற இருந்த ஒரே வழியான ஓடைப் பாலத்திலும் சுடச்சுடத் தார். ஒரு அணில் குறுக்கே ஓடிப் பார்த்தது. நாலு காலிலும் கறுப்புக் காலுறையோடு திரும்பி வந்தது. காரும் போகாது, ஆளும் போக முடியாது. ஓக் தெரு மொத்தமும் மாட்டிக்கொண்டது.

மார்லா பள்ளிப் பையோடு கொல்லைக்கு வந்து ஓட்டை வழியே பார்த்தாள். அட்டைப் பண்ணைக்குப் பக்கத்தில் கோரின் உட்கார்ந்திருந்தாள்.

"மத்தியானம் வரைக்கும் தெருவுல கால் வைக்க முடியாதாம், கோரின்" என்று அவள் அம்மா சொன்னது கேட்டது.

மார்லாவுக்குள்ளே ஒரு குட்டி மார்லா எழுந்து குதித்து ஆடியது. கண்ணாடிப் பெட்டி! கோரின் இல்லாத போட்டி!

பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் கால் தயங்கியது. திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். கோரின் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் விழுந்து அட்டை நனையாமலிருக்க முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அழுதாள்.

கூட ஓடுகிறவளைத் தூணில் கட்டிவிட்டு ஓடினால் அது ஓட்டப்பந்தயமா? குட்டி மார்லா ஆட்டத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டது. முகத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டது.

"அப்பா! சுத்தியல் எடுத்துட்டு வாங்க!"

"எதுக்கும்மா?"

"வேலிப் பலகையைக் கழட்டணும்."

"சங்கத்துல கேட்டா?"

"நரி கழட்டிடுச்சுன்னு சொல்லுங்க."

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மூன்று பலகைகள் கழன்றன. முதலில் அட்டை மாடு வந்தது. பிறகு பண்ணை, வாளி, கோரின்.

அத்தோடு முடியவில்லை. சுத்தியல் சத்தம் கேட்டு ஓக் தெருக்காரர்கள் கொல்லை கொல்லையாகத் தாண்டி வந்துவிட்டார்கள். "மன்னிக்கணும், ஆஸ்பத்திரியில ஒரு பல்லு எனக்காகக் காத்திட்டிருக்கு" என்றபடி பல் வைத்தியர் ஆஸ்ட்ராண்டர் குனிந்து நுழைந்தார். பின்னாலேயே ஊதுகுழல் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வகுப்புப் பையன் ட்ரெவர் வந்தான். கையில் சூப்புப் பானையோடு ஒரு அம்மா. எங்கே போகிறோம் என்றே தெரியாத ஒரு நாய். வரிசை நீண்டுகொண்டே போனது. ஓக் தெருவில் இத்தனை பேர் இருப்பது ஓக் தெருவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்லாவின் அம்மா பேன்கேக் சுட்டுச் சுட்டு வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தார்.

"நீங்கதான் அந்தப் பக்கமா?" என்று அப்பாவின் கையைக் குலுக்கினார் பல் வைத்தியர். "ராத்திரி நீங்க விடற குறட்டைய ரொம்ப வருஷமா கேக்கறேன். இப்பத்தான் முகத்தைப் பாக்கறேன்."

பள்ளிப் பேருந்தில் பண்ணையை மார்லாவும் கோரினும் மடியில் வைத்துக்கொண்டார்கள். மாட்டை ட்ரெவர் பிடித்துக்கொண்டான்.

வகுப்பில் கோரின் வாளியை ஏற்றி இறக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். குட்டி மார்லா உள்ளே சுருக்கென்று கிள்ளியது.

"அடுத்தது மார்லா" என்றார் டீச்சர்.

மார்லா தன் ஒரு வரித் தாளைப் பார்த்தாள். அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வேலியை வரைந்தாள். வேலியின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை.

"எங்க தெருவோட வரலாறு இன்னைக்குக் காலையில ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு மாடு வந்துச்சு."

"அப்புறம் நான்!" என்று கத்தினான் ட்ரெவர்.

"அப்புறம் ஒரு பல் வைத்தியர். அவசரமா போகணும்னு சொல்லிட்டு நாலு பேன்கேக் சாப்பிட்டார்."

"அஞ்சு!" என்றாள் பின் வரிசையில் ஒருத்தி. அவள் அவருடைய மகள்.

ஆள் வர வர மார்லா படம் வரைந்துகொண்டே போனாள். கரும்பலகை போதாமல் சுவரிலும் கொஞ்சம் வரைந்தாள். பாப்பாஸ் டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதையில் நாய் வந்ததும் சிரிப்பில் அவரால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

"மார்லா, இதை அப்படியே ஒரு பெரிய தாள்ல வரைஞ்சு கொடு. கண்ணாடிப் பெட்டிக்கு இதுதான் போகுது" என்றார்.

முதலில் கைதட்டியவள் கோரின். முதலில் நிறுத்தியவளும் கோரின்தான்.

மாலையில் வீடு திரும்பும் பேருந்தில் கோரின் ஜன்னலையே பார்த்தபடி வந்தாள். காதில் லேசாகப் புகை வந்ததாக ட்ரெவர் சொல்கிறான். நான் நம்புகிறேன்.

நிறுத்தம் வந்ததும் அவள் சட்டென்று திரும்பினாள்.

"அடுத்த வாரம் உங்க தெருவுக்குத்தானே தார்?"

"ஆமா, ஏன்?"

"அப்ப முள்ளங்கித் தெரு மொத்தமும் எங்க வீட்டு வழியாத்தான் போகணும். எங்கம்மா எல்லாருக்கும் வாஃபிள் சுட்டுப் போடுவாங்க. ஒரு ஆள் சுத்திப் போனாலும் உன்னோட பேச மாட்டேன், ஆமா!"