பொருந்திய எண்

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை முடிந்துவிடும் என்றும், தன் கணவன் ராமு கல் சுமந்து ஓடும் பெல்ட்டின்மேல் குடிபோதையில் தானாகவே ஏறிச் செத்தான் என்று எழுதிவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டு, காத்தாயி மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஹாஜா முகைதீன் அதை உடனே தொடவில்லை. தொலைபேசித் துறையில் முப்பத்தோராண்டுகள் கம்பிகளின் பழுதைக் கண்டுபிடித்து ஓய்வுபெற்றவர் அவர். இப்போது புதுக்கோட்டையில் மனிதர்கள் செய்யும் பழுதுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

“அவர் குடிப்பாராம்மா?”

“ஞாயித்துக்கெழமை குடிப்பாருங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன். செத்தது வியாழக்கெழமை. எட்டு வருசமா பெல்ட்டுல சிக்குன கல்லை எடுக்குற ஆளு ஓடுறப்ப ஏறுவாராங்க? நிறுத்திட்டுத்தான் ஏறியிருப்பாரு. யாரோ ஓட விட்டுட்டாங்க.”

அன்னவாசலுக்கும் விராலிமலைக்கும் இடையிலுள்ள ஒரு கல் உடைக்கும் ஆலையில் அது நடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அங்கே மூன்று கேமராக்கள் இருந்தன. விசாரணை அதிகாரி அன்றைய படங்களைக் கேட்டார். ஆலையின் கணினிப் பணியாளர் இலக்கியா அடுத்து வந்த திங்கள் மாலை அவற்றைப் பதிவுப்பெட்டியிலிருந்து எடுத்து, செவ்வாய்க்கிழமை இணையம் வழியே அனுப்பினாள். பதிவுப்பெட்டியோ பத்து நாள்களுக்கு ஒருமுறை பழையதை அழித்துப் புதியதை எழுதுவது. எனவே, அனுப்பிய படங்களைத் தவிர வேறு சான்று கிடையாது.

தாளில் இருந்தது மேலாளர் நிலவழகனின் புகார். வாசல் கேமராப் படம் ஆலைப் பதிவேட்டின்படி 4.70 ஜிபி, அதிகாரியின் கணினியில் 4.38. முற்றத்துக் கேமராப் படம் 8.60; அங்கே 8.01. பெல்ட் கேமராப் படம் மட்டும் இரண்டு இடத்திலும் 6.20. ஆகவே முதலிரண்டையும் இலக்கியா வெட்டிவிட்டாள். பெல்ட் படமே முழுமையானது. அந்தப் படத்தில் பெல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை.

பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சார்லஸ் எட்டிப் படித்தார். ஹாஜாவின் வழக்குகளுக்காகக் கடையைப் பூட்ட அவர் தயங்கியதே இல்லை.

“இதுல துப்பறிய என்ன பாய் இருக்கு? அந்தப் பொண்ணு ரெண்டை வெட்டியிருக்கு. வெட்டச் சொன்னது யாருன்னு பிடிச்சா முடிஞ்சுபோச்சு.”

“பிடிக்கலாம். மொதல்ல வண்டியை எடுங்க.”

விராலிமலையில் இலக்கியாவின் வீட்டு வாசலைக் காத்தாயி தாண்டவில்லை. நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

“அக்கா, நான் வெட்டலைக்கா.”

“நீ வெட்டலேன்னா நம்பர் தானா கொறையுமாடி?”

ஹாஜா அதற்குள் தம் கேள்விகளைத் தொடங்கினார். “பதிவேட்டுல எழுதுன எண்ணை எங்கம்மா பாத்தே?”

“அனுப்புற சாஃப்ட்வேர்லங்க. அதுலதான் படத்தை எடுப்பேன், அதுலதான் அனுப்புவேன். எழுதி மேனேஜர்ட்ட கையெழுத்து வாங்கி, நோட்டை அவருகிட்டயே குடுத்துரணும்.”

“எவ்வளவு வேகத்துல போகும்?”

“நொடிக்கு ஒரு எம்பிக்கு மேல போகாதுங்க. அதுக்கு மேல விட்டா எடைமேடைல பில்லு வராது, லாரிக்காரங்க கத்துவாங்க. அதனால சாஃப்ட்வேர்லயே கட்டி வச்சிருக்கோம்.”

“திங்கட்கிழமை ராத்திரி கம்ப்யூட்டர் ரூம் சாவி?”

“ஆறு மணிக்கு மேனேஜர்ட்ட குடுத்துட்டுக் கெளம்பிட்டேன். மக்யாநாள் வந்து அந்த ஃபோல்டரை அப்படியே அனுப்பிட்டேன். அனுப்புறப்ப தனித்தனியா சைஸ் காட்டாதுங்க. நேரம் மட்டுந்தான் காட்டும்.”

அந்த நேரங்களை அவள் அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். வாசல் படம் பத்து மணி முதல் 11.18 வரை, முற்றத்துப் படம் 1.41 வரை, பெல்ட் படம் 3.32 வரை.

ஹாஜா தாளின் பின்புறத்தில் எதையோ பெருக்கினார், வகுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“சார்லஸ், உங்க கடையில பென்டிரைவ் வாங்குறவங்க எதுக்குச் சண்டைக்கு வருவாங்க?”

“அட்டையில அறுபத்துநாலுன்னு போட்டுட்டு, கம்ப்யூட்டர்ல சொருகுனா அம்பத்தொம்பதுதான் காட்டுதுன்னு…” சார்லஸ் பாதியில் நிறுத்தினார். “பாய், அப்படின்னா இந்தப் பொண்ணு வெட்டவே இல்லையே.”

“இல்ல. ஆனா வெட்டுனவன் ஒருத்தன் இருக்கான்.”

மறுநாள் அன்னவாசலில், விசாரணை அதிகாரி கார்த்திகாவின் அறையில் அனைவரும் இருந்தனர். நிலவழகன் வெள்ளைச் சட்டையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். காத்தாயியின் சார்பில் பேச ஹாஜாவுக்கு அனுமதி கிடைத்தது.

“அம்மா, ஆயிரத்தை ஆயிரம்னு எண்ணுற கணக்கு ஒண்ணு இருக்கு. ஆயிரத்து இருபத்துநாலை ஆயிரம்னு சொல்ற கணக்கு இன்னொண்ணு இருக்கு. ரெண்டுக்கும் ஜிபின்னே பேரு வச்சிருக்காங்க. ஆலையோட சாஃப்ட்வேர் மொத கணக்கு. ஒங்க கம்ப்யூட்டர் ரெண்டாவது கணக்கு. அங்க 4.70ன்னு எழுதுனது இங்க 4.38ன்னுதான் தெரியணும். 8.60, 8.01ஆகத் தெரியணும். தெரியுது. அந்த ரெண்டு படமும் முழுசா வந்திருக்கு.”

“அப்ப பெல்ட் படம்?” என்றார் கார்த்திகா.

“அது 5.77ன்னு தெரிஞ்சிருக்கணும். மாறாம 6.20ன்னே நிக்குது. சரியா இருக்குற மாதிரித் தெரியுற அந்த ஒண்ணுதான் பொய்.”

நிலவழகன் சிரித்தார். “கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் இப்படித்தான் மேடம், முன்னப்பின்ன இருக்கும்.”

“முன்னப்பின்ன வேண்டாம். முழு எண்ணையே பாத்துரலாம்.”

கார்த்திகா கோப்பின் விவரத்தைத் திறந்து, பைட் எண்ணிக்கையை விரல் வைத்துப் படித்தார். வாசல் படம் நானூற்று எழுபது கோடி, பதிவேட்டுக்குப் பொருந்தியது. பெல்ட் படம் அறுநூற்று இருபது கோடி இருக்க வேண்டும். அறுநூற்று அறுபத்தைந்து கோடிக்கு மேல் இருந்தது.

“வழியில படம் வளராதும்மா. அனுப்பும்போதே அது வேற படம். நேரத்தையும் பாருங்க. நொடிக்கு ஒரு எம்பின்னா, பதிவேட்டுல உள்ள படம் நூத்தி மூணு நிமிஷத்துல போயிருக்கணும். நூத்திப் பதினோரு நிமிஷம் ஆகியிருக்கு. எட்டு நிமிஷம் கூட.”

“அனுப்பினது அந்தப் பொண்ணுதானே?” என்றார் நிலவழகன்.

“அந்தப் பொண்ணு மாத்தியிருந்தா, தான் எண்ணைப் பாத்த சாஃப்ட்வேர்லயே பாத்து 6.20க்குக் கொண்டுவந்திருக்கும். மாத்துனவர் சாதாரணக் கம்ப்யூட்டர் விண்டோவுல பாத்திருக்காரு. பெல்ட் நின்ன இடத்தை வெட்டிட்டாரு, படம் சின்னதாயிருச்சு. கையில இருந்த நோட்டுல 6.20ன்னு இருந்துச்சு. அந்த எண் வர்ற வரைக்கும் ஒண்ணுமில்லாத சரக்கைச் சேத்துப் படத்தை ஊதியிருக்காரு. மத்த ரெண்டும் இங்க கொறைஞ்சு தெரியும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சப்ப, அந்தப் பழியைத் தூக்கி இந்தப் பொண்ணு தலையில போட்டாரு. திங்கட்கிழமை ராத்திரி நோட்டும் சாவியும் யாருகிட்ட இருந்துச்சு, நிலவழகன்?”

நிலவழகன் காலைக் கீழே இறக்கினார்.

“பெல்ட்டை ஓட விட்டது யாருன்னு இதுல தெரியுமா சார்?” என்று கேட்டார் பிறகு. குரலில் நடுக்கம் இல்லை. “தெரியாதுல்ல?”

தெரியாது. அதுவே அன்றைய உண்மை. கார்த்திகா பெல்ட் படத்தைச் சான்றிலிருந்து நீக்கினார். மேலாளர்மீது காவல்துறைக்குக் கடிதம் எழுதினார். இலக்கியாமீது குற்றமில்லை என்றும், ராமு ஓடும் பெல்ட்டில் ஏறியதற்குச் சான்றில்லை என்றும் எழுதினார். அடுத்த வரியில், பெல்ட்டை இயக்கியவர் யார் என்பதற்கும் சான்றில்லை என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினார். இரண்டு அளவுக்கு ஒரே பெயரைச் சூட்டி விற்பவர்கள் எவரும் அந்த அறைக்கு அழைக்கப்படவில்லை. அழைப்பதற்குச் சட்டத்தில் வழியுமில்லை.

வெளியே இலக்கியா மீண்டும் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். காத்தாயி இம்முறை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

“ஐயா, எட்டு நிமிஷம் கூட இருக்குன்னீங்களே. அந்த எட்டு நிமிஷத்துல அவரு இருக்காருங்களா?”

ஹாஜா அவளைப் பார்க்காமல் பேசினார். “இல்லம்மா. அது படத்தை அனுப்பக் கூடுதலா ஆன நேரம். அதுல யாரும் இல்ல. எடை கொறையாமத் தெரியணும்னு வச்ச சுமை அது.”

காத்தாயி பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

“அவரு இருந்த எடத்தை எடுத்துட்டு, கல்லு வச்சிருக்காங்க” என்றாள்.